ஓடு

ஜப்பானின் தொத்தோரி மாகாணத்தில் யொனாகோ என்றொரு ரயில் நிலையம். அங்கே பூஜ்ஜியமாம் எண் நடைமேடை ஒன்று இருக்கிறது. ஜப்பானிய மொழியில் பூஜ்ஜியத்துக்கும் ஆவிக்கும் ‘ரெய்’ என்ற ஒரே ஒலிதான். ஆகவே அது ஆவிகளின் நடைமேடையும்கூட. அங்கிருந்து சகாய்மினாதோ என்ற மீன்பிடித் துறைமுகம்வரை 18 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான ரயில்பாதை. இரு முனைகளையும் சேர்த்து 16 நிலையங்கள். ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயரோடு ஒரு பேயின் பெயரும் உண்டு. கடைசி நிலையத்துக்கு ஒரு காமிக்ஸ் கதாநாயகனின் பெயர்: கிதாரோ. முதல் நிலையமான யொனாகோவுக்கு, அந்தக் கதாநாயகனைக் காசுக்காகத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொடுப்பவனின் பெயர்: நெசுமி ஒதோகோ, எலிமனிதன். தலைவர்களின் பெயர்களைச் சூட்டவே நிலையங்கள் போதாத ஒரு நாட்டிலிருந்து பார்க்கிறபோது இது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

எலிமனிதனைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகமில்லை. பாதி மனிதன், பாதி யோக்காய். பேய், பூதம், முனி, குட்டிச்சாத்தான் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுக்கொள்ளும் ஜப்பானியச் சொல் அது. முந்நூறு வயதுக்கு மேலாகியும் குளித்ததில்லை. அழுக்கேறிய ஒரே அங்கி, அதிலேயே முக்காடு, மூக்கின் இருபுறமும் சில மீசைமயிர்கள், முன்தள்ளிய பற்கள், உடம்பெல்லாம் சொறி. வாய்நாற்றமும் குசுவும் அவன் ஆயுதங்கள். ஏதோ விசித்திரப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியதாகச் சொல்லிக்கொள்வான். பணம் இருக்கும் இடத்தில் இருப்பான். பலம் இருக்கும் பக்கம் சாய்வான். தோற்கும் பக்கத்திலிருந்து முதல் ஆளாக நழுவுவான். கிதாரோவின் கூட்டத்தில் அவனைக் கண்டாலே முகம் சுளிப்பார்கள். பூனைப்பெண் ஒருத்தி இருக்கிறாள். பார்த்த இடத்தில் அவன் முகத்தைப் பிறாண்டாமல் விடமாட்டாள்.

இவனைப் படைத்த ஷிகெரு மிசுகிக்கு (1922–2015) தன் பாத்திரங்களிலேயே மிகவும் பிடித்தவன் இவன்தான். அதை அவர் ஒளித்ததில்லை. கிதாரோவைப் பற்றிய அவருடைய பேச்சில் அத்தனை உற்சாகம் இருக்காது. அவன் சூப்பர்மேன் மாதிரி. நல்லது செய்வதைத் தவிர வேறொன்றும் தெரியாது. காசையும் சுகத்தையும் பற்றி யோசிக்கத் தெரியாதவனை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது என்பது அவர் கட்சி. எலிமனிதன் வந்து எதையாவது கெடுத்தால்தான் கதை நகரும்.

படைப்பாளிகள் கெட்டவர்கள்மேல் ஆசைவைப்பது புதிதல்ல. ஆனால் எல்லாக் கெட்டவர்களும் ஒன்றல்ல. இராவணனுக்குப் பத்துத் தலை உண்டு, வீணை உண்டு, இலங்கை உண்டு. அவனை நேசித்தால் நேசிப்பவர்மேலும் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொள்ளும். எலிமனிதனை நேசித்தால் ஒட்டுவது சொறிதான். கலைஞர்களுக்கே உரிய கோணல்களில் இதுவும் ஒன்று என்று நெடுங்காலம் நினைத்திருந்தேன். மிசுகியின் போர்க்கதைகளைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

1943ல் தொத்தோரிப் படைப்பிரிவில் அவரைச் சேர்த்தபோது வயது 21. காலையில் எழ நேரமாகும், வயிறு நிறையச் சாப்பிட வேண்டும், கட்டளைகள் சட்டென்று காதில் ஏறாது. ராணுவத்துக்கு இதைவிடப் பொருத்தமில்லாத ஆளைக் கண்டுபிடிப்பது சிரமம். கொம்பு ஊதும் வேலையில் போட்டார்கள். ஊத வரவில்லை. வேறு வேலை கொடுங்கள் என்று விடாமல் கேட்டார். வடக்கா தெற்கா என்றார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்பதால் தெற்கு என்றார். உள்நாட்டில் இதமான ஊர் ஏதாவது கிடைக்கும் என்ற நினைப்பு. கிடைத்தது ரபாவுல். இன்றைய பாப்புவா நியூ கினியில், நியூ பிரிட்டன் தீவில் இருக்கிறது. ஏற்றிச்சென்ற ஷினானோ மாரு, 1905ல் ருஷ்யக் கடற்படையைக் கண்டு தகவல் சொன்ன பெருமையோடு நாற்பது ஆண்டுகளாகத் துருப்பிடித்துக்கொண்டிருந்த கிழட்டுக் கப்பல்.

அந்த ராணுவத்தில் புதுச் சிப்பாய்க்குச் சோறு தவறினாலும் அடி தவறாது. கன்னத்தில் அறை, ஏன் என்று பார்த்தால் பார்த்ததற்கு இன்னொன்று. தன் படங்களில் மிசுகி அந்த அறைக்குக் கொடுத்த ஒலி ‘பிபிபிபின்’. மேலதிகாரி சிப்பாயை அறையும்போது இதே ஒலிதான், எலிமனிதன் பேய்க்கதையில் எவனையாவது அறையும்போதும் இதே ஒலிதான். அவனுடைய பட்டப்பெயரே ‘பிபிபி’. வாங்கிய அடியின் சத்தத்தை ஒருவர் காதிலேயே பல ஆண்டுகள் வைத்திருந்து, கடைசியில் தனக்குப் பிடித்த அயோக்கியனுக்கு அதைப் பட்டமாகச் சூட்டியிருக்கிறார் போலிருக்கிறது.

ரபாவுலிலிருந்து தொலைவில் ஒரு காவல்முனைக்குச் சிறு குழு ஒன்றை அனுப்பினார்கள். அதில் மிசுகியும் இருந்தார். விடியற்காலையில் அவருடைய முறை. தொலைநோக்கியில் கடலைக் கவனிக்க வேண்டும். அவர் கிளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்ணங்களில் லயித்ததில் நேரம் கடந்துவிட்டது. தோழர்களைப் போய் எழுப்பியிருக்க வேண்டிய வேளையிலும் காவல்குடிசையிலேயே நின்றார். அந்தச் சில நிமிடங்களுக்குள் தோழர்கள் படுத்திருந்த இடம் தாக்கப்பட்டது. எல்லோரும் இறந்தார்கள். அவர் ஓடினார். காட்டிலும் கடலிலும் அலைந்து, துப்பாக்கியையும் உடுப்பையும் இழந்து, எப்படியோ படைமுகாமுக்குத் திரும்பினார்.

வந்தவரிடம் முதலில் துப்பாக்கியைப் பற்றித்தான் விசாரித்தார்கள். மாமன்னர் அளித்த ஆயுதத்தைத் தொலைப்பது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், எல்லோரும் செத்திருக்கத் தான் மட்டும் திரும்பியது. நீயும் செத்திருக்க வேண்டாமா என்ற கேள்வியை உயிரோடு வந்தவனிடம் நேருக்கு நேர் கேட்டார்கள். அடுத்து மலேரியா. காய்ச்சலில் கிடந்தபோது விமானக் குண்டு விழுந்து இடக்கை போயிற்று. (நாம் படித்து வளர்ந்த காமிக்ஸில் கை போனவனுக்கு இரும்புக்கை கிடைத்தது, மின்சாரம் பாய்ந்தால் உடம்பே மறைந்தது. மிசுகிக்கு மிஞ்சியது வலக்கை மட்டும். பிறகு வரைந்ததெல்லாம் அந்த ஒரு கையால்.)

அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட சாவுக்கு ஜப்பானிய மொழியில் அழகான ஒரு சொல் இருந்தது: கியொகுசாய். மணி நொறுங்குதல் என்று பொருள். பழைய சீன வரலாற்று நூல் ஒன்றிலிருந்து வந்தது. கூரை ஓடாக முழுசாய்க் கிடப்பதைவிடப் பச்சை மணிக்கல்லாக நொறுங்கிப்போவதுதான் ஆண்மகனுக்கு அழகு என்பது அந்த நூல் சொல்லும் கருத்து. 1943 மே மாதம், அலாஸ்காவைச் சேர்ந்த அத்து தீவில் காவற்படை ஏறத்தாழ முழுவதும் மாண்டபோது அரசாங்கம் அதை அறிவிக்க இந்தச் சொல்லை எடுத்தது. அன்றிலிருந்து, ஒரு படை மொத்தமாக அழிந்தது என்று சொல்ல வேண்டிய இடங்களில் மணிகள் நொறுங்கத் தொடங்கின.

உவமையின் மறுபாதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஓடு. மழையைத் தாங்குவது, பாசி பிடிப்பது, ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பது, பெயர் இல்லாதது. தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னும் வசதி அதிகம். கூரையில் கிடப்பதும் ஓடு, பிச்சைக்கு ஏந்துவதும் ஓடு, கால் இருப்பவனுக்கு ஆபத்தில் சொல்லும் புத்தியும் ஓடு. மூன்றும் எலிமனிதனுக்குப் பொருந்தும்.

1973ல் மிசுகி நியூ பிரிட்டன் தீவின் கதையைத் தனி நூலாக வரைந்தார். எல்லோரும் மணியாய் நொறுங்குங்கள் என்ற கட்டளைதான் தலைப்பு. தொண்ணூறு சதவீதம் உண்மை என்று அவரே பின்னுரையில் எழுதியிருக்கிறார். ரபாவுலில் லட்சம் பேர் அளவுக்குப் பெரும்படை இருந்தது. நேச நாடுகள் அதைத் தரைவழியாகத் தாக்கவே இல்லை. ஒதுக்கிவிட்டு மேலே போய்விட்டார்கள். தலைமையிடத்துச் சிப்பாய்கள் தோட்டம் போட்டு, கிழங்கு நட்டு, போர் முடியக் காத்திருந்தார்கள். ஆனால் வெளிமுனை ஒன்றில் இருந்த படைக்கு இறுதித் தாக்குதல், வீரமரணம். அவர்கள் எல்லோரும் மாண்டார்கள் என்ற செய்தி மேலிடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. சிக்கல் அதன் பிறகுதான்: சிலர் சாகவில்லை. அறிக்கையில் இறந்தவர்கள் நிலத்தில் நடமாடிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையைத் திருத்துவது கௌரவக் குறைவு. மனிதர்களைத் திருத்துவது சுலபம். மறுபடியும் போய்ச் சாகும்படி அனுப்பினார்கள். கதையில் ஒருவர் மிச்சமில்லை. நிஜத்தில் பிழைத்தவர்கள் உண்டு என்றும், பக்கத்துப் பகுதியைக் காத்துவந்த படைத்தலைவரே அந்த இடத்தை எதற்காக அப்படிக் காக்க வேண்டியிருந்தது என்று பின்னர் கேட்டார் என்றும் பின்னுரையில் எழுதுகிறார்.

அந்த நூலில் எலிமனிதன் இல்லை. பசி இருக்கிறது, வயிற்றுப்போக்கு இருக்கிறது, ஆபாசப் பாட்டு இருக்கிறது, மீனைத் தொண்டையில் சிக்கவைத்துக்கொண்டு சாகும் சிப்பாய் இருக்கிறான். எலிமனிதன் மட்டும் இல்லை. எல்லோரும் சாகும் ஒரு கதையில் அவனுக்கு என்ன வேலை?

காயம்பட்ட மிசுகி, முகாமுக்கு வெளியே தொலாய் மக்களின் கிராமத்துக்குப் போகத் தொடங்கினார். அவர்கள் உணவு கொடுத்தார்கள், பயிரிட நிலம்கூடக் கொடுத்தார்கள். ராணுவ அகராதியில் இதற்குப் பெயர் கடமை தவறுதல். போர் முடிந்ததும் அங்கேயே இருந்துவிடத்தான் ஆசைப்பட்டார்; ஊருக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துவிட்டு வா என்று படை மருத்துவர் சொன்னதால் கப்பலேறினார். ஏழு ஆண்டில் வருவதாகச் சொன்னவர் திரும்பிப்போக இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

இடையில் பட்டதெல்லாம் எலிமனிதன் பிழைப்புதான். கை கால் இழந்த முன்னாள் சிப்பாய்களோடு தெருவில் உண்டியல் ஏந்தினார். மிதிரிக்ஷாக்களை வாடகைக்கு விட்டார். கோபே நகரில் கடன் வாங்கி ஒரு குடித்தன வீட்டை நடத்தினார். அந்த வீட்டின் பெயர்தான் பிறகு அவருடைய புனைபெயரானது. தெருத்தெருவாய் மிட்டாய் விற்றுக்கொண்டே படம் காட்டிக் கதை சொல்லும் காகித நாடகக்காரர்களுக்கு வரைந்து கொடுத்தார். அந்தத் தொழில் படுத்ததும் தோக்கியோவுக்குப் போய், வாடகை நூலகங்களுக்கான மலிவுக் காமிக்ஸில் விழுந்தார். வரைந்ததற்குக் காசு வருமா, காசு கொடுக்கவேண்டிய பதிப்பகம் அடுத்த மாதம் இருக்குமா என்று தெரியாத உலகம் அது. கிதாரோ முழுவதும் அவருடைய சரக்கல்ல. 1930களின் காகித நாடகத்தில் வந்த ஒரு கல்லறைச் சிறுவனை, கேட்டு வாங்கி வளர்த்தார். எலிமனிதன் அவரே பெற்றவன். முகத்துக்கும் போக்குக்கும் மாதிரியாக இருந்தவர் அந்நாளைய நண்பர், அவரும் ஓர் ஓவியர். அந்த நண்பருக்கு இது பெருமையாக இருந்ததா என்பது வேறு கதை.

வாடகைப் புத்தக நாட்களின் கிதாரோ நல்லவனா கெட்டவனா என்று சொல்ல முடியாது. செத்துப் புதைத்த தாயின் வயிற்றிலிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டு வந்த ஒற்றைக்கண் பிள்ளை. சிகரெட் பிடிப்பான், சிரித்தால் பயமாக இருக்கும். 1965ல் மிசுகிக்குச் சிறுவர் காமிக்ஸ் விருது கிடைத்தது. பெரிய வார இதழ்களின் கதவு திறந்தது. அப்போது அவருக்கு 43 வயது. தொலைக்காட்சி கேட்டு வந்தது. தலைப்பில் கல்லறை என்ற சொல் விளம்பரதாரர்களுக்கு ஆகவில்லை. அதை எடுத்துவிட்டு, சின்ன வயதில் தன் பெயரையே சொல்ல வராமல் குழறியதால் வந்த ‘கெகெ’ என்ற செல்லப்பெயரிலிருந்து ‘கெகெகெ’ என்று வைத்தார். 1968 ஜனவரியில் ஒளிபரப்பானபோது கிதாரோ குழந்தைகளைக் காக்கும் நீதிமானாகியிருந்தான். குளிப்பாட்டித் தலைவாரி அனுப்பியதுபோல. எலிமனிதனைக் குளிப்பாட்ட மட்டும் எந்த விளம்பரதாரராலும் முடியவில்லை.

அவனுக்கு மிசுகி கொடுத்த உச்சபட்ச மரியாதை பின்னால் வந்தது. 1988, 89ல் எட்டுத் தொகுதிகளாக ஷோவா காலத்தின் வரலாற்றை வரைந்தார். 1926 முதல் 1989 வரை ஒரே மன்னர் அமர்ந்திருந்த அந்த ஆட்சிக்காலத்தின் பெயருக்கு ஒளிமிகுந்த இணக்கம் என்று பொருள். அதற்குள் பஞ்சம், ராணுவப் படுகொலைகள், சீனாமேல் படையெடுப்பு, பசிபிக் போர், இரண்டு அணுகுண்டுகள். இந்த வரலாற்றை வாசகனுக்கு எடுத்துச் சொல்லும் கட்டியங்காரனாக யாரை நிறுத்தினார்? நீதிமான் கிதாரோவை அல்ல. முக்காட்டோடும் சொறியோடும் எலிமனிதனை. வங்கிகள் விழுந்ததை, மஞ்சூரியாவில் ராணுவம் தானே குண்டுவைத்துவிட்டுப் பழியைச் சீனர்மேல் போட்டதை, அமைச்சர்கள் சுடப்பட்டதை, முழங்காலைச் சொறிந்துகொண்டே நிதானமாக விளக்குபவனைப் போல அவன் விளக்குகிறான்.

பொய்யனிடம் வரலாற்றைக் கொடுப்பதா என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் வரலாறு யாரிடம் இருந்தது என்று பார்த்தால் கேள்வி அடங்கிவிடும். மன்னரின் போர்த் தலைமையகம் அடிக்கடி அறிவிப்பு வெளியிடும். 1942 ஜூனில் மிட்வேயில் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. மக்களுக்கு ஒன்று மூழ்கியதாகவும் இன்னொன்று சேதமானதாகவும் சொன்னார்கள். 1943ல் குவாடல்கனாலிலிருந்து பின்வாங்கியபோது பின்வாங்கல் என்ற சொல் இல்லை. திசை திருப்பி முன்னேறினார்களாம். தலைமையக அறிவிப்பு என்றாலே பொய் என்று பொருள்படும் மரபுத்தொடர் பின்னாளில் ஜப்பானியப் பேச்சில் நிலைத்துவிட்டது. பதக்கம் குத்திய பொய்யர்கள் லட்சக்கணக்கானவர்களை அனுப்பிவைத்தார்கள். எலிமனிதனின் பொய்யில் ஒரு கௌரவம் உண்டு: காசுக்காகச் சொல்கிறான், அது எல்லோருக்கும் தெரியும், அவனை நம்பி யாரும் சாவதில்லை.

ஷோவா நமக்கும் அந்நியமல்ல. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அதே ராணுவம்தான் சயாம் ரயில்பாதை போட இழுத்துச்சென்றது. ஒன்றரை ஆண்டுக்குள் 415 கிலோமீட்டர். காலராவிலும் பட்டினியிலும் காட்டோரம் புதைந்தவர்களை மணி என்று எந்த அறிவிப்பும் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கக்கூட இல்லை. ஓடித் தப்பியவர்கள் சிலர் உண்டு. வீட்டில் கதை சொன்னவர்கள் அவர்கள்தான்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு எலிமனிதனைப் புனிதனாக்கிவிடக் கூடாது. அந்தக் காவல்முனையில் அவன் இருந்திருந்தால் கிளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கமாட்டான். முதல் நாளே எதிரியிடம் போய், குடிசை இருக்கும் இடத்தை நல்ல விலைக்கு விற்றிருப்பான். மிசுகிக்கு இது தெரியும். அதனால்தான் அவனுக்காக வாதாடவே இல்லை. இப்போதைய திரைக்கதைகளில் கெட்டவனுக்கு ஒரு பாழான குழந்தைப்பருவத்தைக் கொடுத்து, இரண்டாம் பாதியில் அவனைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். எலிமனிதனுக்கு அப்படிக் கண்ணீர்க்கதை எதுவும் தூக்கலாக இல்லை, திருந்தும் காட்சியும் இல்லை. காட்டிக்கொடுக்கிறான், மாட்டிக்கொள்கிறான், உதை வாங்குகிறான், ஓடுகிறான். அடுத்த கதையில் ஒன்றும் நடக்காதவன்போலக் கிதாரோவின் வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பான். அவன் மன்னிப்புக் கேட்பதில்லை, கிதாரோ மன்னித்துவிட்டதாகச் சொல்வதும் இல்லை. ஓரமாக நகர்ந்து இடம் விடுகிறான், அவ்வளவுதான்.

அமைதிக் காலத்திலும் நொறுங்க விரும்பும் மணிகள் உண்டு. மிசுகி ஒரு குட்டிச் சித்திரக்கதையில் இரண்டு சக கலைஞர்களைக் காட்டுகிறார்: ஒசாமு தெசுகாவும் ஷோதாரோ இஷினோமோரியும். எத்தனை இரவு தூங்காமல் வரைந்தோம் என்று இருவரும் பெருமை பேசுகிறார்கள். நான் எவ்வளவு வேலை இருந்தாலும் பத்து மணி நேரம் தூங்குவேன் என்கிற மாதிரி மிசுகி ஒதுங்கி நிற்கிறார். தெசுகா 1989லும் இஷினோமோரி 1998லும் இறந்தார்கள். இருவருக்குமே வயது 60. மிசுகி 93 வயதுவரை இருந்தார். சோம்பேறியாய் இருங்கள் என்று எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த அவரும் வார இதழ்க் காலத்தில் உதவியாளர்களை வைத்துக்கொண்டு மாடாக உழைத்தவர்தான். அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டார் என்று நினைக்கிறேன்.

சகாய்மினாதோ அவர் வளர்ந்த ஊர். 1993ல் கடைத்தெருவில் 23 வெண்கலப் பேய்களோடு தொடங்கியது 2018க்குள் 177 சிலைகளாகியிருந்தது. காசுக்கு எதையும் விற்பவனின் பொம்மையை விற்றுப் பல கடைகள் நடக்கின்றன. அவனுக்குத் தெரிந்தால் பங்கு கேட்பான். யொனாகோவிலிருந்து அங்கே போகும் பெட்டிகளில் ஒன்றில் அவனுடைய படம் தீட்டியிருக்கிறது. குழந்தைகள் எலிமனிதன் நிலையத்தில் ஏறி, கிதாரோ நிலையத்தில் இறங்குகிறார்கள். சாயங்காலம் அதே பாதையில் திரும்பி வருகிறார்கள்.